மின்னேற்றத்தை அளக்கும் மரக்கால்

இடுக்கி நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேசும் பொறியாளர் எவரும் அதன் கொள்ளளவை ஒரே எண்ணாற் கூறி முடித்துவிடுவதில்லை. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாற்றை மறித்து நிற்கும் அவ்வளைவணையை உள்ளிட்ட தேக்கத்தில், முழுமட்டத்தில் நிற்கும் நீர் சுமார் 200 கோடி கன மீட்டர். ஆயினும் 1976இல் இயங்கத் தொடங்கிய மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளுக்கு அனுப்பத்தக்கது அதில் சுமார் 146 கோடி கன மீட்டரே. எஞ்சியது சுரங்கவாயின் மட்டத்திற்குக் கீழே கிடப்பது. அது கண்ணுக்குத் தெரியும், விளக்கெரிக்க உதவாது. இரண்டு எண்களும் மெய்யானவையே. எனினும் இரண்டாவதைக் கேட்டவரிடம் முதலாவதைச் சொல்லும் பொறியாளரை எந்த மின்வாரியமும் பணியில் வைத்திருக்காது.

மின்னேற்றத்தைத் தேக்கவல்ல பாலிமர்ப் படலங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இத்தகைய கண்டிப்பு இன்னும் வேரூன்றவில்லை. 'கிராமுக்கு இத்தனை பாரட்' என்று ஓர் எண் அச்சேறுகிறது. எந்த வேகத்தில் அளந்தது, எந்த மின்னழுத்த எல்லைக்குள் அளந்தது, எந்தக் கிராமைக் கொண்டு வகுத்தது என்ற கேள்விகளுக்கு விடை சில கட்டுரைகளில் அடிக்குறிப்பிலும், சிலவற்றில் எங்குமே இல்லாமலும் இருக்கிறது. மரக்கால் இன்னதென்று சொல்லாமல் நெல்லின் அளவைச் சொல்வதை ஒக்கும் இது. இக்குறையைச் சிறியதெனத் தள்ளுதல் தகாது.

முதலில் பொருள் யாதென்று காண்போம். 1862இல் இலண்டனில் ஹென்றி லெத்பி என்னும் இரசாயன அறிஞர், கந்தகாமிலத்தில் அனிலீனைக் கரைத்து மின்சாரம் செலுத்தியபோது, பிளாட்டினத் தகட்டின்மேல் கரிய நீலப்பச்சை நிறமான ஒரு படிவு உண்டாயிற்று. இன்று பாலி அனிலீன் என வழங்கும் பொருள் அதுவே. அதன் சிறப்பு நெடுங்காலம் உணரப்படவில்லை. 1977இல் ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும், பாலிமர் ஒன்றை உலோகத்தைப் போல மின்கடத்தச் செய்யலாம் என்று மெய்ப்பித்த பின்னரே இவ்வகைப் பொருள்கள்மீது உலகின் கவனம் திரும்பிற்று. அதற்காக அம்மூவரும் 2000ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசைப் பெற்றனர்.

இப்படலத்தை ஒரு மின்வாயின்மேல் படியச் செய்து, மின்பகு கரைசலில் அமிழ்த்தி, மின்னழுத்தத்தை உயர்த்தினால், பாலிமர்ச் சங்கிலியிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அவ்விழப்பை ஈடுசெய்யக் கரைசலிலுள்ள எதிர்மின் அயனிகள் படலத்தினுள்ளே புகுகின்றன. மின்னழுத்தத்தைத் தாழ்த்தினால் எலெக்ட்ரான்கள் திரும்பி வர, அயனிகள் வெளிவருகின்றன. வெளிர்மஞ்சளாய் இருந்த படலம் பச்சையாகிப் பின் நீலமாகும் காட்சியை மாணவர் எவரும் கண்ணாற் காணலாம். கரியால் ஆன மின்தேக்கியில் மின்னேற்றம் புறப்பரப்பில் மட்டுமே ஒட்டி நிற்கிறது. இங்கோ படலத்தின் கனம் முழுவதும் அதற்கு இடம் தருகிறது. கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது போல என்று சொல்லலாம். உவமையில் ஒரு பிழையும் உண்டு: கடற்பஞ்சு உறிஞ்சிய நீரைப் பிழிந்தெடுக்க எவ்வளவு விரைவாகப் பிழிகிறோம் என்பது பெரிதன்று, படலத்திலோ அதுவே எல்லாம்.

இந்திய நாட்டில் இத்துறைக்குத் தாய்வீடு காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கு இருக்கிறது. இன்று இவ்வாராய்ச்சி காரைக்குடியோடு நிற்கவில்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றும் மூன்று மின்வாய்களும் இருந்தால் எந்தக் கல்லூரியும் தொடங்கத்தக்க ஆராய்ச்சி இது. 2015இல் தொடங்கப்பெற்ற பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டில் உள்ளது. இடுக்கி மாவட்டத்தின் பைனாவில் அரசினர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு இப்பால் கோயம்புத்தூரிலும் தேனியிலும் கல்லூரிகள் பல. மலைத்தொடரின் இருபுறத்து மாணவரும் எளிதில் கைக்கொள்ளத்தக்க துறை என்பதனாலேயே, அளவை முறையைத் தொடக்கத்திலேயே செம்மைப்படுத்த வேண்டியது அவசியமாகிறது.

அம்மலைகளுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு நேர்ந்து, பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகிற்கு எட்டவே மறுநாட் காலையாயிற்று. மழைமானியும் மண்ணின் ஈர அழுத்தத்தைக் காட்டும் உணர்கருவிகளும் மலைச்சரிவுகளில் நிறுவப்பட்டு வருகின்றன. மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் அமைத்த கம்பியில்லா உணர்கருவி வலையம் இதற்கு முன்னோடி. இக்கருவிகள் சூரிய ஒளியால் இயங்குவன. ஆனால் அவை மிகவும் தேவைப்படும் நாட்களிலேயே சூரியன் தென்படுவதில்லை. தென்மேற்குப் பருவமழை மலைமேற் கவிந்தால் தொடர்ந்து பல நாட்கள் வானம் வெளுக்காது. அப்போது கருவிக்கு உயிர் தேக்கிய மின்சாரமே.

பாலிமர்ப் படலம் ஈய மின்கலத்தையோ லித்தியம் மின்கலத்தையோ நாளையே அகற்றிவிடும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை. சிறு உணர்கருவி தன் செய்தியை அனுப்பும் ஒரு நொடியில் கேட்கும் மிகுமின்னோட்டத்தைத் தரவும், மின்கலத்தின் சுமையைக் குறைக்கவும், மெல்லிய, வளையத்தக்க, மலிவான தேக்கியாகப் பயன்படவும் அதற்கு இடமுண்டு. இச்சிற்றுதவிக்குங்கூட, அது எத்தனை கூலும் மின்னேற்றத்தை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது மெய்யாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அளக்கும் முறைகள் பெரும்பாலும் மூன்று. மின்னழுத்தத்தை ஒரே வேகத்தில் ஏற்றி இறக்கி, ஓடும் மின்னோட்டத்தை வரைந்து, அவ்வரைவின் பரப்பைக் கொண்டு மின்னேற்றத்தைக் கணிப்பது முதல் முறை. குறித்த மின்னோட்டத்தில் ஏற்றி, அதே மின்னோட்டத்தில் இறக்கி, காலத்தை அளப்பது இரண்டாவது. சிறு மாறுமின்னழுத்தத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி மின்மறுப்பைக் காண்பது மூன்றாவது. மூன்றும் தம்மளவில் நேர்மையான முறைகளே. ஆயினும் ஒரே படலத்திற்கு மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை. தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு.

முதல் முறையை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்த எல்லை 0.8 வோல்ட் என்க. நொடிக்கு 5 மில்லிவோல்ட் வேகத்தில் ஒருமுறை ஏற 160 நொடி ஆகும். 200 மில்லிவோல்ட் வேகத்தில் 4 நொடியே. முன்னதில் அயனிகள் படலத்தின் அடிவரை சென்று திரும்ப அவகாசம் உண்டு. பின்னதில் மேற்படைகள் மட்டுமே வேலை செய்கின்றன. அடியில் உள்ளது இடுக்கியின் சுரங்கவாய்க்குக் கீழ்ப்பட்ட நீரைப் போலக் கிடக்கிறது. மிகமெல்ல அளந்த எண்ணைப் பெருமையுடன் தலைப்பில் இட்டு, மிகவிரைவாக இறக்கும் ஆற்றலை அடுத்த பத்தியில் புகழும் கட்டுரை, ஒரே படலத்தின் இருவேறு நிலைகளை ஒன்றாக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. வேகத்தைப் பலவாறு மாற்றி, ஒவ்வொரு வேகத்திலும் கிடைத்த மின்னேற்றத்தை ஒரே அட்டவணையில் தருவதே முறை. அதற்கு ஆகும் செலவு ஒரு பிற்பகல் நேரம்.

வேறோர் இடர், ஓடிய மின்னோட்டம் எல்லாம் தேக்கிய மின்னேற்றம் ஆகாது என்பது. கரைசலில் கரைந்த பிராணவாயு மின்வாயில் ஒடுக்கமடைந்தால் அதுவும் மின்னோட்டமாகப் பதிவாகும். மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் பாலி அனிலீன் நீருடன் வினைபுரிந்து சிதையும். அச்சிதைவின் மின்னோட்டமும் சேமிப்பின் கணக்கிலேயே ஏறிவிடும். வீட்டில் தீப்பிடித்த வெப்பத்தை அடுப்பின் திறமையாகக் கணக்கிடுவதற்கு இது சமம். தடுக்கும் வழி எளிது. ஏற்றிய கூலும் எவ்வளவு, இறங்கிய கூலும் எவ்வளவு என்று இரண்டையும் எழுதினால், வேறுபாடு தானே காட்டிக் கொடுத்துவிடும்.

படலத்தைத் தாங்கும் பொருளும் தன் பங்கைச் சேர்க்கும். கரித்துணியின்மேல் படிவித்தால் கரியே ஓரளவு மின்னேற்றத்தைத் தேக்கும். காரக் கரைசலில் நிக்கல் நுரையைப் பயன்படுத்தினால் நிக்கலின் மேற்பரப்பே ஹைட்ராக்சைடாகி மின்னேற்றம் வாங்கும். ஆகவே வெறுந்தாங்கியைத் தனியே அளந்து கழித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய பிழை நேருமிடம் எடை. ஒரு சதுர சென்டிமீட்டர் மின்வாயின்மேல் ஒரு மைக்ரான் கனமுள்ள படலம் இருப்பதாகக் கொள்வோம். அடர்த்தி 1.3 என்று கொண்டால் அதன் எடை 0.13 மில்லிகிராம். கல்லூரித் தராசில் 0.01 மில்லிகிராம் பிழை நேர்ந்தால் விடையில் 8 சதவீதம் பிழை ஏறும். படலம் பத்திலொரு மைக்ரானாக இருந்தாலோ, எடை 0.013 மில்லிகிராம், தராசின் பிழையும் பொருளின் எடையும் ஏறக்குறைய ஒன்று. அந்நிலையில் கிடைக்கும் 'கிராமுக்கு இத்தனை' என்ற எண், மேகத்தை முழக்கோலால் அளந்து பெற்றதே. மேலும், மெல்லிய படலமே கிராமுக்கு அதிக மின்னேற்றத்தைக் காட்டும். அயனிகள் அதனுள் எளிதில் சென்று மீள்வதே காரணம். எனவே எடையில் நம்பிக்கை குறையும் இடத்திலேயே எண் அழகாகிறது. இந்தக் கூட்டுறவை அஞ்ச வேண்டும்.

படலத்தை வளர்க்கச் செலுத்திய மின்னேற்றத்தைக் கொண்டு எடையைக் கணக்கிடுவோர் உண்டு. பாலி பிரோலில் ஓர் அலகிற்குச் சுமார் 2.3 எலெக்ட்ரான் செலவாகும் என்பது வழக்கமான கணக்கு. ஆயினும் குறுஞ்சங்கிலிகள் சில படலத்தில் சேராமல் கரைசலிற் கரைந்து போவதுண்டு. அவற்றுக்கான மின்னேற்றமும் எடையாக எழுதப்பட்டுவிடும். படிகத் துலாக்கோல் இதற்கு ஒரு தீர்வு. 1959இல் சாவர்பிரே கண்ட சமன்பாட்டின்படி, 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் எடை கூடியிருக்கிறது எனலாம். அயனி நுழைவதையும் வெளியேறுவதையும் கண்ணெதிரே எடைபோடும் அற்புதக் கருவி இது. படலம் விறைப்பாக இருக்கும் வரைதான் அச்சமன்பாடு செல்லும் என்பதையும், கரைசலில் ஊதிக் குழையும் பாலிமர் அக்கணக்கை மீறும் என்பதையும் மறத்தலாகாது.

இத்தனை இடர்களுக்கிடையே ஆராய்ச்சியாளருக்கு ஒரு வேலி உண்டு. அது பாரடே வகுத்தது. பாலி அனிலீனில் ஒரு வளையமும் ஒரு நைட்ரஜனும் கொண்ட அலகின் எடை 91. முதற்படி ஆக்சிஜனேற்றத்தில் இரண்டு அலகிற்கு ஓர் எலெக்ட்ரான் வெளியேறும். 96,485 கூலுமை இரண்டால் வகுத்து, மீண்டும் 91ஆல் வகுத்தால், கிராமுக்குச் சுமார் 530 கூலும். படலத்தினுள் புகுந்த குளோரைடு அயனியின் எடையையும் நேர்மையாகச் சேர்த்தால் சுமார் 440. இரண்டாம் படியையும் முழுதாகப் பெற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அயனியின் எடையை விட்டுக் கணித்து, 1060 கூலுமுக்கு மேல் இடமில்லை. நீர்க்கரைசலில் அந்நிலை விரைவில் சிதைவதும் தெரிந்ததே. 0.8 வோல்ட் எல்லைக்கு அதைப் பாரடாக மாற்றினால் 1300க்குச் சற்று அதிகம். ஆயினும் 2000 பாரட் என்றும் அதற்கு மேலும் எண்கள் அச்சேறியிருக்கின்றன. அவை இயற்கை விதியை வென்றன என்பதைவிட, தராசையோ தாங்கியையோ தவறவிட்டன என்று கொள்வதே பொருத்தம். கட்டுரையை ஏற்குமுன் ஆசிரியர் குழு இவ்வொரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி மாணவனும் போடத்தக்க கணக்கு.

பாரட் என்னும் அலகே இங்குப் பலவிடத்தில் பொருந்துவதில்லை. மின்னழுத்தம் ஏற ஏற மின்னேற்றம் ஒரே சீராகக் கூடும் பொருளுக்கே அவ்வலகு உரியது. குறித்த சில மின்னழுத்தங்களில் மட்டும் குவிந்து ஏறும் பொருள், இயல்பால் மின்கலமே அன்றி மின்தேக்கி அன்று. அதற்குக் கூலும் என்றே எழுதுவது நேர்மை. மூன்று மின்வாய்க் கலத்தில் அளந்த தனிமின்வாயின் எண்ணும், இரு மின்வாய்களும் சேர்ந்த முழுத் தேக்கியின் எண்ணும் கிராமுக்கு நான்கு மடங்கு வேறுபடும். முன்னதைக் காட்டிப் பின்னதை விற்பது வாணிபத்தில் நிகழ்ந்தால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கும்.

மலைமேல் நிற்கும் கருவிக்கு வேண்டிய எண்கள் மூன்று. ஏற்றிய பின் சுற்றைத் திறந்து வைத்தால் எத்தனை நாளில் எவ்வளவு மின்னழுத்தம் தானே இறங்கிவிடுகிறது? ஆயிரம், பத்தாயிரம் முறை ஊதிச் சுருங்கிய பின் படலம் வெடிக்காமல் எவ்வளவு தேக்குகிறது? கருவி இயங்கத் தேவையான குறைந்த மின்னழுத்தத்திற்குக் கீழே எவ்வளவு ஆற்றல் சிக்கிக் கிடக்கிறது? மின்தேக்கியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்ததாகலின், பாதி மின்னழுத்தத்தில் கருவி நின்றுவிட்டால் கால்பங்கு ஆற்றல் பயன்படாமற் போகும். இம்மூன்றினுள் முதலாவது எண் பல கட்டுரைகளில் இடம்பெறுவதே இல்லை. நாட்கணக்கிற் காத்திருந்து அளக்க வேண்டியிருப்பதும், பெறப்படும் விடை கவர்ச்சியற்றிருப்பதும் அதற்குக் காரணமாகலாம். மழைநாளில் அணைந்துவிடும் தேக்கியின் கிராமுக்கு எத்தனை பாரட் என்பதை அறிந்து மலையடிவாரத்தில் உறங்குபவர் என் செய்வர்?

அளவையில் இத்துணைக் கண்டிப்பு இளம் ஆராய்ச்சியாளரை ஊக்கமிழக்கச் செய்யும் என்பது ஒரு மறுப்பு. சிறு கல்லூரியில் படிகத் துலாக்கோல் ஏது என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் உண்டு. அதற்குக் கருவி இல்லாதவரைக் கண்டிப்பது விடையன்று. கருவி உடைய நிலையங்கள் அவர்தம் படலங்களை வாங்கி அளந்து கொடுப்பதே விடை. முதலாவது மறுப்போ ஏற்கத்தக்கதன்று. சூரிய மின்கலத் துறையில், உயர்திறன் கண்டோம் என்பார் அதனைத் தனிப்பட்ட ஆய்வகம் ஒன்றில் அளந்து சான்று பெறுவது வழக்கமாயிற்று. அத்துறை அதனால் நலியவில்லை, வளர்ந்தது.

விற்பனைக்கு வரும் மீமின்தேக்கிகளை அளக்கச் சர்வதேச நியதிகள் ஏற்கனவே உள்ளன. கேரளத்திலேயே கண்ணூர் மாவட்டத்தில், இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பின் தொழில்நுட்பத் துணையுடன் கெல்ட்ரான் சார்ந்த நிறுவனம் ஒன்று 2024இல் மீமின்தேக்கித் தொழிற்சாலையைத் தொடங்கியிருக்கிறது. நாளை அத்தகைய ஆலையின் வாயிலில் பாலிமர்ப் படலத்தைக் கொண்டுபோய் நிற்கும் மாணவனிடம், கட்டுரையில் எழுதாத கேள்விகளையே ஆலையார் முதலிற் கேட்பர். ஆய்வகத்திற்கும் ஆலைக்கும் இடையே இப்போது இருப்பது கண்டுபிடிப்பின் இடைவெளி மட்டுமன்று. அளவையின் இடைவெளியும் ஆகும்.

மத்திய அரசின் நிதியுதவி பெறும் ஆராய்ச்சிகளிலேனும் இதனைத் தொடங்கலாம். படலத்தின் கனம், எடை, எடை கண்ட முறை, தாங்கியின் பங்கு, மின்னழுத்த எல்லை, வேக அட்டவணை, ஏறிய கூலும், இறங்கிய கூலும், தானே இறங்கிய நாட்கணக்கு ஆகியன இல்லாத அறிக்கையை முற்றுப்பெறாததாகக் கருதும் விதி ஒன்றே போதும். அத்துடன் காரைக்குடி நிலையம் ஒரே வகையான பாலி அனிலீன் படலங்களைச் செய்து, எடையைக் கண்டு, எண்ணை மறைத்து, கஞ்சிக்கோடு, பைனாவு, கோயம்புத்தூர் முதலிய இடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் அளந்த விடைகளை ஒன்றாக வெளியிடலாம். எவருடைய விடை எவ்வளவு விலகிற்று என்பது பெயரின்றி அச்சிடப்படலாம், நாணத்திற்கு இடமில்லை. படலங்களை ஜூன் மாதத் தொடக்கத்தில் அனுப்புவது நலம். ஏற்றிய தேக்கிகளைப் பைனாவுக் கல்லூரியார் மழையும் ஈரமும் சூழ ஓர் அறையில் வைத்திருந்து, ஆகஸ்டில் மீண்டும் அளந்தால், எஞ்சியிருக்கும் கூலும் எத்தனை என்பது அப்போது தெரியும்.